கச்சத்தீவுக்குப் போகிறவர்கள் முதலில் கரையைப் பார்க்கட்டும்



தவக்காலம் நெருங்கும்போதெல்லாம் நம் பங்குகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த வருடம் கச்சத்தீவுக்கு ஆள் சேர்க்கிறார்களா?" ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நின்று பார்த்தால் மேற்கே மலைதான் தெரியும். இராஜபாளையத்தில் நின்றாலும் அப்படியே. கடல் நமக்கு நான்கைந்து மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, நடுக்கடலில் ஆளில்லாத ஒரு தீவில் ஓர் இரவு தங்கிக் கோடி அற்புதர் புனித அந்தோனியாரின் திருவிழாவில் பங்கெடுக்கலாம் என்றவுடன் நம்மவர்களுக்கு ஆசை பொங்கிவிடுகிறது. ஆசையில் தவறில்லை. ஆனால் அந்தத் தீவு எப்படிப்பட்டது, நம்மை அங்கே ஏற்றிச் செல்பவர்கள் யார், அவர்களுக்கு அந்தக் கடல் என்னவாக இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

கச்சத்தீவு மிகச் சிறியது. மொத்தம் 285 ஏக்கர். முட்புதரும் மணலும் கல்லும்தான் அங்கே அதிகம். குடிநீர் கிடையாது, குடியிருப்போரும் கிடையாது. ஒருபுறம் இராமேசுவரமும் மறுபுறம் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நெடுந்தீவும் இருக்க, இடையே பாக் நீரிணையில் தனித்துக் கிடக்கிறது. அங்கே புனித அந்தோனியாருக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகக் கரையைச் சேர்ந்த படையாட்சி ஒருவர் சிற்றாலயம் எழுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இரு கரை மீனவர்களும் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் ஒதுங்கிய இடம் அது. ஒதுங்கிய இடத்தில் ஜெபிக்க ஓர் ஆலயம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மீனவர்கள் ஏன் புனித அந்தோனியாரைத் தேடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவர் மீன்களுக்குப் போதித்த கதை நமக்குத் தெரியும். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் வாழ்க்கையில் நடந்த வேறொன்று. மொராக்கோவில் மறைசாட்சியாக வேண்டும் என்று புறப்பட்டுப் போனவர், நோயில் விழுந்து ஊர் திரும்பக் கப்பல் ஏறினார். புயல் அந்தக் கப்பலைச் சிசிலித் தீவில் கொண்டுபோய் ஒதுக்கியது. போக நினைத்த இடம் ஒன்று, கடல் கொண்டுபோய் விட்ட இடம் வேறு. இது நம்மைவிட இராமேசுவரத்து மீனவருக்கு நன்றாகப் புரியும்.

இந்தத் தீவோடு நமக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இளையோர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. 1985 வரை ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. (அந்த மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் மட்டும் மதுரையில் இருந்தது என்பது தனி வேடிக்கை.) திருச்சபை நிர்வாகத்திலும் இப்படித்தான். 1987-இல் சிவகங்கை மறைமாவட்டம் உருவாகும் வரை இராமேசுவரத்து மக்களும் நாமும் மதுரை உயர்மறைமாவட்டத்தின் பிள்ளைகளே. ஆகவே 1974-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்பாட்டில் கச்சத்தீவு இலங்கையின் பக்கம் போனபோது, போனது இராமநாதபுரம் ஜமீனோடு பிணைந்திருந்த, நம் மாவட்டத்துக் கடலில் இருந்த ஒரு தீவு.

அந்த உடன்பாட்டின் ஐந்தாவது பிரிவு நமக்கு முக்கியமானது. இந்திய மீனவர்களும் திருப்பயணிகளும் அதுவரை சென்று வந்ததைப் போலவே தீவுக்குச் சென்று வரலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ இலங்கை கேட்காது என்பது அதன் சாரம். 1976-இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீன்பிடிப் படகுகள் மற்ற நாட்டுக் கடலில் தொழில் செய்யக்கூடாது என்று வரையறுத்துவிட்டன. மீனவரின் உரிமை பற்றிய வாதம் இன்றுவரை தீரவில்லை. திருப்பயணியின் உரிமை மட்டும் நடைமுறையில் நிலைத்து நிற்கிறது. நாம் பாஸ்போர்ட் இல்லாமல் இன்னொரு நாட்டுத் தீவில் திருப்பலி காண்பது இதனால்தான். உள்நாட்டுப் போர்க் காலத்தில் இதுவும் தடைபட்டது. போர் முடிந்தபின், 2010 முதல் திருவிழா மீண்டும் நடைபெறத் தொடங்கியது. பழைய சிற்றாலயத்துக்கு அருகே இலங்கைக் கடற்படையினர் கட்டிய புதிய ஆலயம் 2016 டிசம்பர் 23 அன்று யாழ்ப்பாண ஆயரால் அர்ச்சிக்கப்பட்டது.

இத்தகைய தீவு யாத்திரைகள் உலகின் வேறு மூலைகளிலும் உண்டு. அயர்லாந்தின் மேற்குக் கடலில் ஸ்கெல்லிக் மைக்கேல் என்ற பாறைத்தீவு இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே துறவிகள் அங்கே கல்லால் தேன்கூடு வடிவக் குடில்கள் கட்டி வாழ்ந்தார்கள். அறுநூறுக்கும் மேற்பட்ட கற்படிகளில் ஏற வேண்டும், கோடையில் கடல் இடம் கொடுத்தால் மட்டுமே படகு அணையும். 2015-இல் ஓர் ஆங்கிலத் திரைப்படத்தில் அது காட்டப்பட்ட பிறகு பார்க்க வருவோர் பெருகினார்கள். ஆனால் கச்சத்தீவுக்கு நெருங்கிய உறவு அதே நாட்டின் கால்வே மாவட்டக் கடலில் உள்ள புனித மெக்டாராவின் சிறுதீவுதான். அங்கும் குடியிருப்போர் இல்லை. பழைய கல் ஆலயம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று கர்னா என்ற கரையூரின் மீனவர்கள் தங்கள் படகுகளில் மக்களை ஏற்றிச் சென்று திருப்பலி காண்கிறார்கள். அந்தத் தீவைக் கடக்கும் பாய்மரப் படகு புனிதருக்கு வணக்கமாகப் பாயை மும்முறை தாழ்த்துவது அந்த ஊர் வழக்கம். ஸ்கெல்லிக்கை ஒரு சுற்றுலாப் பயணி தனியாகப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மெக்டாரா தீவின் திருவிழாவுக்குக் கர்னா ஊரின் துணை இல்லாமல் போக முடியாது. கச்சத்தீவும் அவ்வாறே. அதன் கதை கரையூர்களில் இருக்கிறது.

ஆகவே ஒரு நாள் முன்னதாகவே புறப்படுங்கள் என்பது என் வேண்டுகோள். திருவிழாவுக்கு முந்தின இரவு பேருந்தில் தூங்கிக்கொண்டே போய் விடியற்காலையில் படகுத்துறையில் இறங்குகிறவர்கள் வழியில் பலவற்றைத் தவறவிடுகிறார்கள்.

மண்டபத்துக்கு முன்னால் வேதாளை என்று ஓர் ஊர் வரும். பேருந்து அதைச் சில நொடிகளில் கடந்துவிடும். 1549-இல் அங்கேதான் அருள்தந்தை அந்தோனியோ கிரிமினாலி கொல்லப்பட்டார். இத்தாலி நாட்டவர். இயேசு சபையின் முதல் மறைசாட்சி என்று திருச்சபை வரலாறு அவரைக் குறிக்கிறது. வடுகப் படை வந்தபோது, பெண்களையும் குழந்தைகளையும் படகுகளில் ஏற்றி அனுப்புவதற்காக அவர் கரையிலேயே நின்றுவிட்டார். புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்துவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்பு நடந்தது இது. ஓரியூருக்கு நாம் வண்டி வண்டியாகப் போகிறோம். வேதாளையில் இறங்கி ஒரு நிமிடம் நின்று ஜெபிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு பாம்பன். 1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் தன் வேலையை முடித்துவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும்புகிறது. பேருந்தில் போகிறவர்கள் 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் இருந்து அதைப் பார்க்கலாம். குழந்தைகளை எழுப்பிக் காட்டுங்கள்.

தங்கச்சிமடம் அடுத்த ஊர். அதன் தெருக்களில் மெதுவாக நடந்தால், சில வீடுகளில் ஆண்கள் இல்லாத அமைதி தெரியும். கடலுக்குப் போயிருப்பார்கள், அல்லது இலங்கைச் சிறையில் இருப்பார்கள். விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுகள் மற்ற நாள்களிலும் கடலுக்குப் போவது இந்தத் தீவின் பழைய ஏற்பாடு. இதற்கு மேல் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. கணக்குப் போட்டுப் பார்த்தால் தொழில் நடக்கும் நாள்கள் எவ்வளவு குறைவு என்பது விளங்கும். அந்த நாள்களில் ஒன்றிரண்டை நமக்காக விட்டுக்கொடுத்துத்தான் அவர்கள் படகைத் திருப்பயணத்துக்குத் தருகிறார்கள்.

இராமேசுவரத்தில் வேர்க்கோடு புனித சூசையப்பர் ஆலயம்தான் கச்சத்தீவுத் திருப்பயணத்தின் இந்தியப் பக்கத்து வாசல். திருப்பயணத்தை ஒருங்கிணைப்பவர் வேர்க்கோடு பங்குத்தந்தை. யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் அழைப்பு வந்தபின், மாவட்ட நிர்வாகம் அந்தந்த ஆண்டுக்கான விதிமுறைகளை அறிவிக்கும். அடையாள அட்டை, பதிவு, காவல்துறைச் சான்று ஆகியவற்றைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

மாலையில் தனுஷ்கோடிக்குப் போய் வாருங்கள். 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் அழிந்த ஊர். இலங்கைக்குக் கப்பல் ஏறும் துறையாக இருந்த ஊர். பயணிகளோடு ஒரு ரயிலையும் அந்த இரவில் கடல் கொண்டுபோனது. பவளக்கல்லால் கட்டிய ஆலயத்தின் சுவர்கள் மட்டும் நிற்கின்றன. கூரை இல்லை, பீடம் இல்லை. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தைப் பார்த்தால் சற்று வருத்தமாக இருக்கும். அங்கே திருமுழுக்கு நடந்தது, அடக்கத் திருப்பலியும் நடந்தது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் சில மீனவக் குடும்பங்கள் அங்கே ஓலைக் குடிசையில் தங்கித் தொழில் செய்கின்றன. அவர்களிடம் கருவாடு வாங்குங்கள்.

இனித் தீவு. திருவிழா வழக்கமாகப் பிப்ரவரி அல்லது மார்ச்சில், வெள்ளி சனிக்கிழமைகளில் வரும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து கடல் சாந்தமாக இருக்கும் காலம் அது. வெள்ளிக்கிழமை காலையில் படகுகள் வரிசையாகப் புறப்படும். உயிர்காப்புக் கவசம் கட்டாயம். மது, புகையிலை எதுவும் கூடாது. எல்லைக்கோடு வரை நம் கடலோரக் காவல் படை, அதற்கப்பால் இலங்கைக் கடற்படை. மாலையில் நெடுந்தீவுப் பங்குத்தந்தை கொடியேற்றுவார். பின்னர் சிலுவைப் பாதை, திருப்பலி, அந்தோனியாரின் தேர்ப்பவனி. இரவு வெட்டவெளியிலோ தற்காலிகக் கொட்டகையிலோ படுக்க வேண்டும். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து கொடி இறங்கியதும் திரும்ப வேண்டியதுதான். குடிநீர் போதுமான அளவு கொண்டுபோகவும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் படகில் ஏறி இறங்குவதை நினைத்துப் பார்த்து முடிவு செய்யவும். விசைப்படகில் கைப்பிடியோ படிக்கட்டோ கிடையாது. உங்கள் அம்மாவை இரண்டு பேர் தோளைப் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருக்கும்.

நான் 2023 மார்ச் திருவிழாவுக்குப் போனேன். சிலுவைப் பாதைக்குக் காத்திருந்தபோது மன்னாரில் இருந்து வந்திருந்த ஒரு பாட்டி, "தம்பி, நீங்கள் எவடம்?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைச் சொன்னேன், தெரியவில்லை. பையில் இருந்த பால்கோவாவை எடுத்து நீட்டியதும் சிரித்துக்கொண்டு வாங்கினார். பதிலுக்கு ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல் கொடுத்தார். அந்தக் காலத்தில் சோப்பும் சாரமும் சேலையும் எண்ணெயுமாக இங்கே பெரிய பண்டமாற்றே நடக்குமாம். இப்போது அவ்வளவு இல்லை.

இரவில் நடந்ததுதான் மறக்க முடியாதது. எங்கள் படகின் டிரைவர் ஏற்கெனவே ஒரு முறை யாழ்ப்பாணச் சிறையில் இருந்து வந்தவர். அவர் பக்கத்தில் நெடுந்தீவுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்தார். வயதானவர், சிறு படகு வைத்துத் தொழில் செய்பவர். ஊர், பிள்ளைகள் என்று பேச்சு தொடங்கிற்று. பிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "எங்கட வலை எல்லாம் அறுந்து போச்சுது ஐயா. உங்கட றோலர்தான் எண்டு தெரியும். கடனுக்கு வாங்கின வலை." எங்கள் டிரைவர் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. கடைசியில், "எங்க படகும் கடன்தான் ஐயா" என்றார். அதன்பின் வலை என்ன விலை, டீசல் என்ன விலை, வியாபாரி எவ்வளவு பிடிக்கிறான் என்று இருவரும் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எதுவும் தீர்ந்துவிடவும் இல்லை. காலைத் திருப்பலியில் சமாதானம் பகிரும் நேரம் வந்தபோது இருவரும் ஒரே வரிசையில்தான் நின்றார்கள்.

இந்தப் பேச்சின் பின்னணியைச் சற்று விளக்க வேண்டும். பாக் நீரிணை ஆழமில்லாத, குறுகிய கடல். விசைப்படகின் இழுவலை கடலடியை அரித்துக்கொண்டே போகும். மீன் குஞ்சும் பாசியும் அதில் வாரப்படும், வழியில் விரித்திருக்கும் சிறு மீனவர்களின் வலையும் சேர்ந்து அறுபடும். இலங்கை 2017-இல் சட்டம் இயற்றி இழுவலைத் தொழிலைத் தடை செய்தது. நம் அரசும் அதே ஆண்டில் இழுவலைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாறியவர்கள் சிலரே. கடனில் வாங்கிய படகை ஒரே நாளில் கைவிட யாராலும் முடியாது. எல்லை தாண்டும் நம் மீனவர்கள் கைதாகிறார்கள், படகுகள் பறிபோகின்றன. சில வேளைகளில் உயிரும் போகிறது. 2017 மார்ச் 6 அன்று தங்கச்சிமடத்தைச் சேர்ந்த 21 வயது இளைஞர் கடலில் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைக் கடற்படை தங்களுக்கு அதில் தொடர்பில்லை என்று மறுத்தது. அடுத்த சில நாள்களில் நடந்த திருவிழாவுக்கு இராமேசுவரத்தில் இருந்து படகுகள் போகவில்லை. 2024 பிப்ரவரியிலும் அப்படித்தான். படகு டிரைவர்களுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். 2025 மார்ச்சில் மீண்டும் போனார்கள்.

2024-இல் நம் பக்கத்தில் எழுந்த முணுமுணுப்பு எனக்கு நினைவிருக்கிறது. பெயர் பதிந்தாயிற்று, விடுமுறை போட்டாயிற்று, கடைசி நேரத்தில் இப்படிச் செய்கிறார்களே என்று. ஏமாற்றம் புரிகிறது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். தன் தம்பி சிறையில் இருக்கும்போது ஒருவர் நம்மைச் சிரித்த முகத்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி அழைத்துப் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? புறக்கணிப்பு சரியான வழிதானா என்பதில் அவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. இரு கரை மீனவர்களும் முகம் பார்த்துப் பேசக்கூடிய ஒரே இரவும் அதனால் கைநழுவுகிறதே என்று வருந்துபவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். என் மனமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. எனினும் மலையடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு.

இன்னொன்று. தீவில் இறங்கியதும் நம்மில் சிலர் கச்சத்தீவு யாருக்குச் சொந்தம் என்று உரக்க வாதிடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த வாதத்துக்கு நம் ஊர் டீக்கடையில் ஆண்டு முழுவதும் இடம் இருக்கிறது. அங்கே பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் நெடுந்தீவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்தவர். போரில் வீட்டை இழந்தவராக இருக்கலாம், வலையை இழந்தவராக இருக்கலாம். அவரைப் பேசவிடுங்கள்.

படகுகள் இல்லை என்று எந்த ஆண்டிலாவது அறிவிப்பு வந்தால், பதிவு செய்தவர்கள் பயணத்தை அப்படியே கைவிட வேண்டாம். அந்த வெள்ளிக்கிழமை வேர்க்கோட்டுக்குப் போய் அந்த மக்களோடு சிலுவைப் பாதை செய்யலாம், தங்கச்சிமடத்தில் இரண்டு வீடுகளுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். படகுகள் உண்டு என்றால், பால்கோவாவில் இரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தீவுக்கு, மற்றொன்று உங்களை ஏற்றிச் செல்லும் டிரைவரின் வீட்டுக்கு. இரண்டாவதை முந்தின நாளே வீட்டில் கொடுத்துவிடுங்கள். புறப்படும் காலையில் படகுத்துறையில் அவருக்கு நின்று பேச நேரம் இருக்காது.